மாடி அறையில் ஒரு வெள்ளிப் பட்டறை

வீட்டிலேயே நகை செய்யப் பட்டறை வைக்கப்போகிறேன் என்று சொல்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன மெஷின் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது அவர்களுக்குச் சப்பென்று இருக்கும். ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது? அறைக்குப் பக்கத்தில் குழாய் உண்டா? தரை சிமெண்டா, டைல்ஸா? கதவைச் சாத்தினால் அடியில் இடைவெளி இருக்கிறதா? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் சுத்தியலைப் பற்றியே பேசுவேன். கருவி சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அறை சரியில்லை என்றால் தினமும் கொஞ்சம் வெள்ளி போகும், கொஞ்சம் மூச்சு போகும், கழுத்தும் முதுகும் சேர்ந்து போகும்.

நான் பேசுவது வெள்ளி வேலையைப் பற்றி மட்டும். மோதிரம், தோடு, மெட்டி, பதக்கம் மாதிரி சின்னச் சின்ன உருப்படிகள். பட்டுநூல் வளையல், மணி கோப்பது, டெரகோட்டா எல்லாம் வேறு உலகம். அவற்றுக்குச் சாப்பாட்டு மேசையில் ஒரு ஓரம் போதும். நெருப்பு உள்ளே வந்துவிட்டால்தான் அது பட்டறை. தங்கத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. கையில் இருப்பதன் விலையை நினைத்தாலே கை நடுங்கும். அது போக, 2021 ஜூனிலிருந்து தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் என்று வந்துவிட்டது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருப்பவர்களுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் முத்திரை இல்லாத தங்கத்தை இன்றைக்கு யார் நம்பி வாங்குவார்கள்? வெள்ளிக்கு ஹால்மார்க் விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலைதான்.

எங்கள் வீடு மதுரையில். மாடியில் ஒற்றை அறை, பழைய பாத்திரமும் கொலுப்படியும் போட்டுவைத்திருந்த அறை. அதைக் காலி செய்து, எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆசாரி ஐயாவை ஒருநாள் வந்து பார்க்கச் சொன்னேன். தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்து, கண் பார்வை குறைந்ததும் விட்டவர். நான் மேசை எங்கே, அலமாரி எங்கே என்று காட்டிக்கொண்டிருக்க, அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தரையில விழுந்தது திரும்பி வராதும்மா" என்றார். பழைய சிமெண்ட் தரை. முடிமுடியாக விரிசல்.

வெள்ளி வேலையில் வீணாவது என்றால் உருகி வீணாவது இல்லை, தூளாகப் போவதுதான். ரம்பம் ஓட ஓட, அரம் தேய்க்கத் தேய்க்கத் தூள் உதிர்கிறது. ஒரு மோதிரத்துக்கு இவ்வளவுதான் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். சேர்த்துவைத்துப் பார்த்தால்தான் தெரியும். நகைப் பட்டறைத் தெருக்களில் விடியற்காலையில் வாசலைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய், சாக்கடை மண்ணையும் விடாமல் தண்ணீரில் அரித்துப் பொன்னும் வெள்ளியும் எடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. கோவையிலும் பார்க்கலாம், மதுரையிலும் பார்க்கலாம். ஒவ்வொரு பட்டறைக்காரரும் முடிந்த மட்டும் கூட்டி எடுத்த பிறகும் தெருவில் ஒரு பிழைப்புக்கு மிச்சம் இருக்கிறது என்றால், வீட்டில் அதைப் பற்றி யோசிக்காமல் உட்காருகிறவர்கள் எவ்வளவு விடுவார்கள்! 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி மேலே மேலே ஏறியபோது இந்தக் கணக்கு இன்னும் உறைத்தது.

அதனால் முதல் செலவு தரைக்குத்தான். வழவழப்பான, வெளிர் நிற டைல்ஸ் போட்டு, இடுக்குகளை நன்றாக அடைத்தாயிற்று. கார்ப்பெட், கயிற்றுப்பாய், பின்னல் மிதியடி எதுவும் அறைக்குள் கிடையாது. அவை எல்லாம் வெள்ளியைத் தின்னும். அறைக்கென்று ஒரு செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுவதில்லை. தூளை உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு படியிறங்கிப் பூஜையறை வரை கொண்டுபோவதைத் தடுக்க அது ஒன்றுதான் வழி. கூட்டுவதற்குத் தனித் துடைப்பம், தனி முறம். கூட்டியதில் ஒரு காந்தத்தை ஓட்டினால் ஒடிந்த ரம்ப பிளேடும் அரத்தின் இரும்புத் துகளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மீதியை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். சுத்தமான துண்டுத் தகடு ஒரு டப்பா, பொடி (மூட்டை ஒட்டவைக்க உருக்கி ஓடவிடுகிற கலப்பு உலோகத்தைப் பட்டறையில் இப்படித்தான் சொல்வார்கள், பற்று என்றும் சொல்வதுண்டு) வைத்துப் பற்றவைத்த துண்டு வேறு டப்பா, தரைக்குப்பை மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் உருக்கும்போது என்ன தரம் என்று யாருக்கும் தெரியாது. உருக்கி எடுக்கிறவரிடம் கொடுத்தாலும் குறைத்துத்தான் மதிப்பார்.

அடுத்தது வெளிச்சம். வேலை மேசை வடக்கு ஜன்னலை ஒட்டி. வடக்கு வெளிச்சத்தில் வெயில் நேராக விழுவது குறைவு, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், தகட்டில் பட்டுக் கண் அவ்வளவாகக் கூசாது. ரம்பம் போடும் கோடு தெரிய அதுதான் வேண்டும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நெருப்பு வைக்கிற இடத்துக்கு இதற்கு நேர்மாறாக வேண்டும் என்பது எனக்கு ஐயா சொல்லும் வரை தெரியாது. "வெளிச்சத்துல சுட்டா வெள்ளி உங்களுக்கு எதுவும் சொல்லாதும்மா. இருட்டுல சுட்டுப் பாருங்க, பேசும்" என்பார்.

விஷயம் இதுதான். தட்டித் தட்டி வெள்ளி கெட்டிப்பட்டுவிட்டால் மறுபடி இளக்குவதற்கு அதைச் சுட வேண்டும். 600 டிகிரியைத் தாண்டும்போது மங்கலான ஒரு சிவப்பு தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. இன்னும் சூடேறவில்லையே என்று நெருப்பைக் காட்டிக்கொண்டே இருப்போம். பிரகாசமான சிவப்பு தெரிகிறபோது காரியம் கெட்டிருக்கும். சுத்த வெள்ளி உருகுவது 961 டிகிரியில். 92.5 வெள்ளியில், அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி உள்ளதில், செம்பு கலந்திருப்பதால் அது 800-ஐத் தொடும்போதே உருக ஆரம்பித்துவிடும். அதற்கும் பற்றவைக்கிற பொடி ஓடுகிற சூட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி குறுகலானது. ஆகவே என் அறையில் வடக்கு ஜன்னலடியில் வெட்டும் மேசை, அதற்கு எதிர்மூலையில் திரை போட்ட நிழலில் நெருப்பு மேசை. சின்ன அறைதான், ஆனாலும் இரண்டு வெளிச்சம் வேண்டும். ஒரே மேசையில் எல்லாம் என்று அழகாகப் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அவர்கள் விளக்கை அணைத்துவிட்டுச் சுடுகிறார்களோ என்னவோ.

உட்காருவது பற்றி ஒரு சண்டையே போடலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் தரையில் சம்மணமிட்டு, முன்னால் ஒரு அடிக்கும் குறைவான உயரத்தில் பலகை. கால் விரலும் ஒரு கருவிதான். கம்பியைக் காலால் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் முறுக்குவார்கள். விழுந்தது மடியிலேயே விழும், தேடி எடுக்க எழுந்திருக்க வேண்டியதில்லை. அந்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சிறு வயதிலிருந்து உட்கார்ந்து பழகியிருந்தால். நாற்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவருக்கு முட்டி ஒத்துழைக்காது. நான் மேசைக்குப் போனேன். ஆனால் மேசை என்றால் எழுதுகிற மேசை உயரம் இல்லை. நகை மேசை 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை நெஞ்சளவுக்கு வரும். பார்க்க அபத்தமாக இருக்கும். ஆனால் வேலை கண்ணுக்கு நேரே வந்துவிடும், கழுத்தைக் கவிழ்க்க வேண்டியதில்லை. எழுதுகிற மேசையில் ஆறு மாதம் ரம்பம் போட்டவர் கழுத்துவலிக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டால் எனக்கு ஆச்சரியமே வராது.

தச்சரிடம் சொல்லி மேசையின் முன்விளிம்பில் அரைவட்டமாக ஒரு துண்டை வெட்டச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவே இல்லை, நல்ல பலகையைக் கெடுக்கிறேன் என்று. அந்த அரைவட்டத்துக்குள் உடம்பு புகுந்துகொள்ளும். நடுவில் ஒரு மரநாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், முனையில் கவட்டு வடிவில் பிளந்திருக்கும். தகட்டை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டுதான் ரம்பம் போடுவது, அரம் தேய்ப்பது எல்லாம். அரைவட்டத்துக்கு அடியில் தொட்டில் மாதிரி ஒரு தோல்விரிப்பு தொங்கும். உதிர்கிற தூள், கைதவறுகிற மோதிரம், தெறிக்கிற துண்டு எல்லாம் அதில் விழும். தரையில் இருப்பவருக்கு மடி செய்கிற வேலையை மேசையில் இருப்பவருக்குத் தோல் செய்கிறது, அவ்வளவுதான்.

இனி நெருப்பு. வீட்டில் பயப்படுவது இதற்குத்தான், பயப்பட வேண்டியதும் இதற்குத்தான். பழைய பட்டறைகளில் மண்சட்டியில் உமிச்சாம்பலும் கரியும், வாயில் ஊதுகுழலும். அப்புறம் வந்தது பெட்ரோல் ஜாடி: காலால் துருத்தியை மிதித்தால் காற்று பெட்ரோலுக்குள் போய் ஆவியை அள்ளிக்கொண்டு குழாய் வழியே வந்து எரியும். இன்றும் பல பட்டறைகளில் இருக்கிறது. அருமையான நெருப்புதான், ஆனால் குடியிருக்கிற வீட்டுக்குள் பெட்ரோலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சமையல் சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் இழுத்துக்கொள்ளலாமே என்றால், வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. 5 கிலோ சிலிண்டர் ஒன்று, இந்தியன் ஆயில் 'சோட்டு' என்ற பெயரில் விற்பது, அடையாள அட்டை காட்டினால் கிடைக்கும். அதோடு சுடரை ஊதும் கேஸ் டார்ச் ஒன்று. வெறும் மோதிரமும் தோடும் என்றால் கையடக்க பியூட்டேன் டார்ச்சிலேயே ஆரம்பித்துவிடலாம்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படிந்து நிற்கும். கதவடி இடைவெளியைப் பற்றி நான் கேட்டது அதனால்தான். ஏசி போட்டு, தூசி வரக்கூடாதென்று கதவடியில் ரப்பர் ஒட்டி, இண்டு இடுக்கில்லாமல் அடைத்த அறையில் சிலிண்டர் வைக்கக்கூடாது. வாடகை வீட்டுக்காரர்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. "கிராஃப்ட் கிளாஸ்" என்று பூசி மெழுகிவைத்தால் ஒருநாள் மேலே வந்து பார்க்கும்போது கதை கந்தலாகிவிடும்.

நெருப்பு மேசையின் மேல் ஒரு தடித்த இரும்புத் தகடு, அதன்மேல் தீச்செங்கல் பரப்பி, பின்னால் இரண்டு செங்கல் செங்குத்தாக. பழைய பட்டறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டையைப் போட்டிருப்பார்கள், யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வெறும் சிமெண்ட் பலகையும் வேண்டாம், சூட்டில் படார் என்று சில்லு தெறிக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு தீயணைப்பான்.

காற்று வெளியேறும் விசிறியை எல்லாரும் உச்சியில் வைக்கிறார்கள். புகை மேலேதானே போகும் என்று. போகும், உங்கள் முகத்தைத் தடவிக்கொண்டு போகும். விசிறி கைக்கு எதிரே, நெருப்பின் உயரத்தில் இருந்தால் புகை முகத்துக்கு வராமல் நேரே வெளியே போய்விடும். என் வீட்டில் அதற்காகச் சுவரில் ஒரு ஓட்டை போட்டபோது அத்தை, "சமையலறைக்கு நான் பத்து வருஷமா கேக்குறேன், வைக்கல. இதுக்கு மட்டும் உடனே வச்சிட்டான் என் மகன்" என்றார். நியாயம்தான். மறுவாரமே கீழேயும் ஒன்று வந்தது.

பொடி வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். காட்மியம் கலக்காத பொடிதானா என்று கேட்டு வாங்குங்கள். கேடிஎம் நகை என்று ஒரு காலத்தில் பெருமையாக விற்றார்களே, அந்தக் கேடிஎம் என்பது காட்மியம் கலந்து பற்றவைத்ததுதான். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பற்றவைக்கிற சூடும் ஏறக்குறைய அதே இடம். போட்டுக்கொள்கிறவரைவிடச் செய்கிறவருக்குத்தான் ஆபத்து. ஊதுகிறவரின் நுரையீரலில்தான் அது போய் உட்காரும். வெள்ளியோடு பித்தளை சேர்த்து உருக்கி அராவிய பழைய பாணிப் பொடி கிடைத்தால் அதுவே போதும். கடைகளில் தகடாகவும் கம்பியாகவும் விற்கும் காட்மியம் இல்லாத வெள்ளிப் பற்றும் நல்லதுதான்.

அப்புறம் சீலிங் ஃபேன். நெருப்பு பிடிக்கும்போது அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சுடர் அலையும், பொடி பறக்கும். மே மாதம், மதுரை, மொட்டைமாடிக்குக் கீழே அறை, ஃபேன் இல்லை, முன்னால் நெருப்பு. இதற்கு என்னிடம் தீர்வு எதுவும் இல்லை. காலை ஏழு மணிக்குள் சுடும் வேலையை முடித்துவிடுவேன்.

அறை எதற்காக இப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு சாதா மோதிரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 1.2, அகலம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளம் வெட்டுவது? உள்விட்டத்தோடு கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும். 57 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கனத்தைக் கூட்ட மறந்தால் மோதிரம் சுண்டுவிரலுக்குப் போய்விடும். எடை 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஜன்னலடியில் உட்கார்ந்து ரம்பத்தில் வெட்டுகிறேன். பிளேடின் பல் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும், கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். பிளேடை நரம்பு மாதிரி விறைப்பாகக் கட்டி, விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒடிந்துகொண்டே இருக்கும். மெழுகுவர்த்தியில் ஒரு இழு இழுத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

வெட்டிய பட்டையை நிழல் மூலைக்குக் கொண்டுபோய் மங்கல் சிவப்பு வரை சுட்டு, தண்ணீரில் போட்டு எடுத்து, இடுக்கியால் வளைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று முட்டவைக்கிறேன். இந்த முட்டு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஒளிக்கீற்று தெரியக்கூடாது. பொடி ஒரு இடைவெளியை அடைக்காது, ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பரப்புக்கு நடுவே ஊறித்தான் போகும். பொடி ஓட உதவுகிற வெங்காரத்தை (போராக்ஸ்) தண்ணீர் விட்டுக் கல்லில் உரசி மூட்டில் தடவி, பொடித் துண்டை வைத்து நெருப்பைக் காட்ட வேண்டும். மூட்டில் மட்டும் காட்டினால் நடக்காது. உலோகங்களிலேயே சூட்டை அதிகம் கடத்துவது வெள்ளி. நீங்கள் ஒரு இடத்தில் கொடுக்கிற சூட்டை மோதிரம் முழுக்கப் பகிர்ந்துவிடும். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி வட்டமாக, முழு மோதிரத்தையும் சேர்த்துச் சூடேற்ற வேண்டும். முதலில் வெங்காரம் பொரிந்து வெள்ளையாக உப்பும். பிறகு அடங்கிக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அப்போது உஷார். அடுத்த சில நொடிகளில் பொடி உருண்டையாகிச் சட்டென்று மூட்டுக்குள் ஒரு வெள்ளிக் கோடாக ஓடும். ஓடியதும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். அந்தக் கோடு ஓடுவதைப் பார்க்கத்தான் நான் இத்தனை பாடுபடுகிறேன் என்று கூடச் சொல்வேன். பகல் வெளிச்சத்தில் அது தெரிவதே இல்லை.

பற்றவைத்த மோதிரம் கறுத்து, கண்ணாடி படிந்து அசிங்கமாக இருக்கும். தண்ணீரில் ஆறவிட்டு, வெளுக்கிற கரைசலில் போட வேண்டும். பட்டறைகளில் நீர்த்த கந்தக அமிலம் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு அது வேண்டாம். மளிகைக் கடையில் கிடைக்கிற எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்தால் போதும், கொஞ்சம் மெதுவாக வெளுக்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்தார்கள், அதுவும் வேலை செய்யும். ஆனால் எதில் வைத்தாலும் இரும்புச் சாமணத்தை அதற்குள் விடக்கூடாது. கரைசலில் கரைந்திருக்கிற செம்பு எல்லாம் வெள்ளிமேல் ஏறி ரோஸ் நிறமாகிவிடும். மூங்கில் குச்சியோ செம்புச் சாமணமோ போதும். இதற்காக எடுத்த பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகவே கூடாது, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும். கரைசல் நாளாக நாளாக நீலமாகும். அது செம்பு. துளசிச் செடிக்கு ஊற்றிவிடாமல், சமையல் சோடா போட்டு நுரை அடங்கிய பிறகு தனியாக ஒதுக்குவது நல்லது. குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றேனே, இந்த வேலைக்காகத்தான். நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே சொட்டச் சொட்ட நடக்கிற தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கை கழுவுகிற பேசினுக்கு அடியிலும் ஒரு வாளி. அதன் அடிமண்டியும் தரைக்குப்பை டப்பாவுக்குப் போகும்.

கடைசியில் தட்டுவது. கூம்பான இரும்புக் கம்பில் மோதிரத்தை மாட்டி, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டித் தட்டி வட்டமாக்க வேண்டும். இரும்பு அதிரும், வீடு முழுக்கக் கேட்கும். பட்டறைக் கல்லை (வைத்துத் தட்டுகிற இரும்புக் கட்டி) மேசைமேல் வைக்காமல் ஒரு மரக்கட்டையின் மேல், கட்டையை ஒரு மணல் தட்டின் மேல் வைத்தால் சத்தம் பாதியாக அடங்கிவிடும். புளியமரக் கட்டைதான் சரி. கசாப்புக் கடைக்காரர்கள் எத்தனையோ காலமாக அதில்தான் வெட்டுகிறார்கள், பிளப்பதில்லை. மரக்கடையில் சொல்லிவைத்தால் அடித்தண்டில் அறுத்துக் கொடுப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் நாலு மணிக் காபிக்கும் நடுவில் நான் சுத்தியலைத் தொடுவதில்லை. அது கருவி விஷயமில்லை, குடும்ப விஷயம்.

தகடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கனத்தைக் கேஜ் எண் கணக்கில் கேட்காதீர்கள், மில்லிமீட்டரில் கேளுங்கள். அமெரிக்கக் கணக்கில் 20 கேஜ் என்றால் 0.81 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் கணக்கில் அதே 20 என்பது 0.91. வீடியோவில் ஒருவர் 18 கேஜ் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய் இங்கே கேட்டால் வேறு கனம் கிடைக்கும். வெள்ளியைத் தொடுவதற்கு முன் செம்பில் பழகுவது நல்லது. பாத்திரக் கடைத் தெருவில் செம்புத் தகட்டுத் துண்டு எடைக்குக் கிடைக்கும்.

மெருகுக்கு மோட்டார் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். உப்புத்தாள் 400-இல் தொடங்கி 1200 வரை வரிசையாக, ஒரு தாளின் கீறலை அடுத்த தாள் முழுக்க அழித்த பிறகே அடுத்ததற்கு. அப்புறம் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் பித்தளைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் வருகிற பளபளப்பு எனக்கு மோட்டார் மெருகைவிடப் பிடிக்கும். மோட்டார் வந்த பிறகும் மூன்று விஷயம் வீட்டுச் சட்டமாக இருக்க வேண்டும்: முடியைக் கட்ட வேண்டும், துப்பட்டாவோ முந்தானையோ தொங்கக்கூடாது, கையுறை போடக்கூடாது. கையுறை பாதுகாப்பு என்று நினைக்கத் தோன்றும். சுற்றுகிற சக்கரம் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். சங்கிலியை வெறுங்கையில் பிடித்துச் சக்கரத்தில் காட்டுவதும் அப்படித்தான், பலகையில் சுற்றிப் பிடித்தால்தான் உண்டு.

விற்பனை பற்றி நீட்டி எழுத எனக்கு ஆசையில்லை. ஆனால் கொலுசில் இறங்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையும் அதைச் சுற்றிய ஊர்களும் தலைமுறை தலைமுறையாகக் கொலுசு செய்கின்றன; ஒரு வீட்டில் கம்பி, ஒரு வீட்டில் வளையம், ஒரு வீட்டில் பற்று என்று வேலையைப் பிரித்துச் செய்கிற ஊரோடு மாடி அறை போட்டி போட முடியாது. "கிராம் என்ன விலை?" என்று கேட்கிறவரிடம் மூன்று கிராம் மோதிரத்தின் விலையை விளக்கவும் முடியாது. எடையைச் சொல்லி, தரத்தைச் சொல்லி, கூலியைத் தனியாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சேதாரம் என்று ஒரு வரி போடுவதில்லை. சேதாரம் என் டப்பாவில்தானே இருக்கிறது.

சரி, மெஷின். தகடு உருட்டும் மெஷின், கையால் சுற்றுவதே, இதுவரை நான் சொன்ன எல்லாவற்றின் மொத்தச் செலவையும் தாண்டும். வாங்கக்கூடாது என்று இல்லை. நகைத் தெருக்களில் கூலிக்குத் தகடு இழுத்து, கம்பி இழுத்துக் கொடுக்கிற மெஷின் பட்டறைகள் உண்டு. கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, எந்தக் கனம் வேண்டும் என்று சொல்லிவிட்டு எதிரில் டீ குடித்துவிட்டு வந்தால் தகடு தயாராக இருக்கும். துண்டு டப்பா சீக்கிரம் சீக்கிரம் நிரம்பி, அதை உருக்கிக் கட்டியாக்கிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவை அங்கே போகிற நிலைமை வந்தால் அப்போது மெஷின் வாங்கலாம். நான் இன்னும் டீ குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.